மண்புழு பெருகிவிட்டது, யாருக்கு விற்பது?

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். ஒட்டன்சத்திரம் பக்கம் இரண்டு மாடு வைத்திருக்கிறீர்கள். வேளாண் அறிவியல் நிலையத்தில் இரண்டு கிலோ புழு வாங்கி ஒரு வெர்மி பெட்டில், அதாவது மண்புழு உரம் தயாரிக்கிற படுக்கையில், விட்டீர்கள், அது ஒரு வருடத்தில் மூன்று பெட் ஆகிவிட்டது. கையை விட்டுக் கிளறினால் எருவைவிடப் புழுதான் அதிகம் வருகிறது, ராத்திரியில் சில புழுக்கள் ஓரமாக ஏறி வெளியே போகின்றன. இதற்கு நடுவில் ஒருவர் வந்து, "எங்களிடம் இன்னும் இருபது பெட்டும் புழுவும் வாங்கிப் போடுங்கள், பெருகுகிற புழுவை எல்லாம் நாங்களே திருப்பி எடுத்துக்கொள்கிறோம்" என்கிறார். புழுவை என்ன செய்வது, யாருக்கு விற்பது, அவரை நம்பலாமா?

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் அதில்தான் உங்கள் பணம் போகும். கையெழுத்துப் போடாதீர்கள். திருப்பி வாங்குகிற புழுவை அவர் யாருக்கு விற்கிறார் என்று நேராகக் கேளுங்கள். "புதிதாகப் பண்ணை ஆரம்பிப்பவர்களுக்கு" என்று பதில் வந்தால், புதிதாகச் சேர்கிறவர் குறைகிற அன்றைக்கு உங்களிடம் வாங்குவதும் நின்றுவிடும். 2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியில் நம் ஆட்கள் பட்டது இதைத்தான். குஞ்சைக் கொடுத்து, தீவனம் கொடுத்து, வளர்ந்ததை எடுத்துக்கொள்வோம் என்றார்கள், கடைசியில் எடுத்துக்கொள்ள ஆள் இல்லை. மண்புழுவிலேயே இது நடந்திருக்கிறது. அமெரிக்காவில் ஓக்லஹோமாவைச் சேர்ந்த பி அண்ட் பி வார்ம் ஃபார்ம்ஸ் என்ற நிறுவனம் இப்படித்தான் வளர்ப்பவர்களுக்குப் புழு விற்றுத் திருப்பி வாங்கியது, 2003இல் திவாலானது, வளர்த்தவர்கள் கொட்டகை நிறையப் புழுவை வைத்துக்கொண்டு நின்றார்கள்.

உங்களிடம் வந்தவர் நல்லவராகவே இருக்கட்டும். அப்போதும் கணக்கு இடிக்கிறது. 12 அடி நீளம், 4 அடி அகலம், 2 அடி உயரம் உள்ள பெட் ஒன்றை ஒருமுறை நிரப்பவே ஒரு டன்னுக்கு மேல் சாணமும் கழிவும் வேண்டும். இருபது பெட்டுக்கு இருபது டன்னுக்கு மேல். உங்கள் இரண்டு மாடும் சேர்ந்து ஒரு நாளைக்கு இருபது கிலோ சாணம் போடுவதாக வைத்தாலும் வருடத்துக்கு ஏழு டன்தான். மீதியை விலைக்கு வாங்கி வண்டி வைத்துக் கொண்டுவர வேண்டும். அந்தச் செலவு அவருடைய பேச்சில் எங்கேயாவது வந்ததா?

சரி, இப்போது புழுவுக்கு வருவோம். பெருகிப் பெருகி ஒருநாள் மொத்தமாகச் செத்துப்போகும் என்று யாரோ பயமுறுத்தியதாக எழுதியிருந்தீர்கள். கூட்டம் அதிகமாகிவிட்டது என்பதற்காக மட்டும் புழு மொத்தமாகச் சாகாது. இடமும் தீனியும் நெருக்கடியானால் முட்டைக்கூடு வைப்பது குறையும், குட்டிகள் மெதுவாக வளரும், பெரிய புழு இளைத்துச் சின்னதாகும். அதாவது எண்ணிக்கை ஒரு அளவில் தானாக நின்றுவிடும். மொத்தமாகச் சாவது வேறு காரணங்களால்: பெட் சூடேறுவது, தண்ணீர் தேங்கி அடியில் காற்றுப் போகாமல் அழுகுவது, ஆறாத சாணத்தையோ கோழி எருவையோ போட்டு அமோனியா கிளம்புவது.

ஆக உங்கள் எல்லை புழுவின் எண்ணிக்கை இல்லை, சாணம். நன்றாக இருக்கும் பெட்டில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை புழு இரட்டிப்பாகும். மூன்று மாதம் என்றே வைத்தாலும் இரண்டு கிலோ நான்காகி, எட்டாகி, பதினாறாகி, வருட முடிவில் முப்பத்திரண்டு கிலோ. காகிதத்தில் இது இன்னும் போய்க்கொண்டே இருக்கும், பண்ணையில் போகாது. தன் எடையில் பாதியை ஒரு நாளில் தின்னும் என்று பொதுவாகச் சொல்வது எல்லாம் கூடிவந்தால் நடப்பது. அந்தக் கணக்கில் இருபது கிலோ சாணம் நாற்பது கிலோ புழுவுக்குப் போதும். நான் அதில் பாதியைத்தான் நம்புவேன், ஏனென்றால் சாணத்தில் கொஞ்சம் வயலுக்குப் போகும், கொஞ்சம் வாசலுக்குப் போகும், வெயில் காலத்தில் புழு தின்பதும் குறையும். இருபது கிலோ புழுவை நன்றாக வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் வருவதுதான் விற்பனைக்கு. இருபது கிலோ மூன்று மாதத்தில் இன்னொரு இருபதைக் கொடுக்கும் என்றால், சேதாரம் போக மாதம் நான்கைந்து கிலோ தைரியமாக விற்கலாம்.

உங்கள் ஊரில் ஒரு வசதி இருக்கிறது. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக் கழிவு. முட்டைக்கோஸ் இலை, பூசணி, கீரைத் தண்டு எல்லாம் கிடைக்கும். ஆனால் அப்படியே கொட்டினால் தண்ணீர் விட்டு நாறும், சூடேறும். வெயிலில் ஒரு நாள் வாட்டி, சாணத்தோடு அடுக்கடுக்காகப் போட்டு, பதினைந்து இருபது நாள் மட்கவிட்டு, கையை உள்ளே விட்டால் சூடு இல்லாத நிலைக்கு வந்த பிறகு பெட்டுக்குக் கொண்டுபோங்கள். எலுமிச்சை, வெங்காயம், மிளகாய் அதிகம் வேண்டாம். மாட்டுக்குக் குடற்புழு மருந்து கொடுத்தால் அடுத்த இரண்டு வாரச் சாணத்தைத் தனியாக ஒதுக்கி மட்கவிடுவது நல்லது, ஐவர்மெக்டின் மாதிரி மருந்துகள் சாணத்தில் வெளியே வரும்.

ராத்திரியில் புழு வெளியேறுவதைப் பற்றி. உங்களிடம் இருப்பது எந்தப் புழு என்று முதலில் பாருங்கள், விற்பதற்கும் இது தெரிந்தாக வேண்டும். நம் ஊரில் உரத்துக்கு வளர்ப்பது பெரும்பாலும் மூன்று வகை. செம்பழுப்பாக, உடம்பில் வளையம் வளையமாக மஞ்சள் கோடு தெரிந்தால் ஐசினியா ஃபெட்டிடா. நீளமாக, தடியாக, ஊதா கலந்த சாம்பல் பழுப்பில் பளபளப்பாக இருந்தால் யூட்ரிலஸ் யூஜினியே, ஆப்பிரிக்கப் புழு என்பார்கள். மெல்லியதாக, கரு ஊதாவில் நீலம் மின்னி, தொட்டவுடன் துள்ளி நெளிந்தால் பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ், இது நம் நாட்டுப் புழு. பெரியோனிக்ஸ் மழை வருகிற ராத்திரியில் கூட்டமாகக் கிளம்புவது அதன் சுபாவம். யூட்ரிலஸும் இடம் பிடிக்காவிட்டால் கிளம்பும். அந்த மாதிரி ராத்திரிகளில் பெட்டுக்கு மேல் ஒரு சின்ன விளக்கை எரியவிட்டால் வெளிச்சத்துக்குப் பயந்து உள்ளேயே இருக்கும். ஆனால் மழை இல்லாமலே தினமும் வெளியே வந்தால் உள்ளே ஏதோ சரியில்லை என்று அர்த்தம். ஒரு பிடி அள்ளிப் பிழிந்து பாருங்கள். இரண்டு மூன்று சொட்டு வந்தால் சரி, ஒழுகினால் ஈரம் அதிகம். மூக்கைப் பொத்துகிற வாடை வந்தால் சாணம் ஆறவில்லை. இரண்டும் இல்லை, எரு டீத்தூள் மாதிரி பொலபொலவென்று ஆகிவிட்டது என்றால் தீனி தீர்ந்துவிட்டது, நீங்கள் உரத்தை எடுக்காமல் விட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் எனக்கு இந்த மூன்றாவதுதான் தோன்றுகிறது.

மூன்று பெட்டையும் ஒரே மாதிரி நடத்தாதீர்கள். இரண்டை உரத்துக்கு வைத்து, ஒன்றைப் புழு பெருக்க மட்டும் வையுங்கள். உர பெட்டில் சதுர அடிக்கு அரைக் கிலோ வரை புழு நெருக்கமாக இருக்கலாம், சாணம் சீக்கிரம் உரமாகும். பெருக்கும் பெட்டில் அதில் பாதிதான் இருக்க வேண்டும். நெருக்கம் குறைவாக, ஆறிய சாணம் தாராளமாக, ஈரம் சீராக இருந்தால்தான் முட்டைக்கூடு நிறைய வைக்கும். கழுத்துப் பக்கம் பட்டை போட்ட மாதிரி தடித்திருக்கும் புழுதான் பருவத்துக்கு வந்தது. அந்த பெட்டில் இருந்து பெரியவற்றை எடுத்து விற்கிறபோது எல்லாவற்றையும் வழித்து எடுத்துவிடாமல் பட்டை போட்டதில் பாதியையாவது விட்டுவையுங்கள்.

புழுவைப் பிரிப்பதற்கு ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டு உட்கார வேண்டாம். தண்ணீர் விடுவதை இரண்டு மூன்று நாள் நிறுத்தினால் மேலே காய்ந்து புழு கீழே இறங்கும், மேல் உரத்தை வழித்து எடுக்கலாம். மீதியைத் தார்பாயில் கூம்பாகக் குவித்து வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் விட்டு, மேலே மேலே எடுத்துக்கொண்டே வந்தால் கடைசியில் அடியில் புழு பந்தாகக் கிடைக்கும். புழு மட்டும் வேண்டும் என்றால் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் சாண உருண்டை முறை எளிது. பெட்டில் ஐந்தாறு இடத்தில் சாண உருண்டையைப் புதைத்து, ஒரு நாள் கழித்து எடுத்தால் உருண்டையில் புழு அப்பிக்கொண்டிருக்கும், தண்ணீர் வாளியில் போட்டுக் கரைத்துப் பிரித்துவிடலாம்.

பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. சலித்த உரத்தை உடனே மூட்டை கட்டி விற்றுவிடுகிறார்கள். அதில் கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக, மஞ்சளும் பழுப்புமாக முட்டைக்கூடுகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். ஐசினியா என்றால் ஒரு கூட்டில் இரண்டு மூன்று குட்டி வரும், பொரிய மூன்று நான்கு வாரம் ஆகும். சலித்த உரத்தை நிழலில் லேசான ஈரத்தோடு ஒரு மாதம் குவித்து வைத்து, நடுவில் சாண உருண்டையை வைத்துக் குட்டிகளை இழுத்து எடுத்துக்கொண்டால், அடுத்த தலைமுறை உங்களிடமே இருக்கும். புழு குறைந்துபோய்விட்டது என்று சொல்பவர்கள் பாதிப் பேருக்கு இப்படி உர மூட்டையோடு முட்டைக்கூடு போயிருக்கும்.

இனி யாருக்கு விற்பது. மாடு வைத்திருக்கிற, பெட் கைக்கு வந்த, புழு இன்னும் கிடைக்காத விவசாயிதான் உங்கள் முதல் வாடிக்கையாளர். 2024இல் தொடங்கிய முதலமைச்சரின் மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம் திட்டத்திலும், அதற்கு முன்பே தோட்டக்கலைத் துறை வழியாகவும் மானியத்தில் பெட் கொடுத்திருக்கிறார்கள். பெட் வந்த பிறகு நல்ல புழுவுக்கு அலைகிறவர்கள் எல்லா வட்டாரத்திலும் இருக்கிறார்கள். 12 அடி பெட் ஒன்றுக்கு ஐந்து கிலோ புழு நல்ல தொடக்கம், ஆகவே உங்கள் ஒரு மாத உபரி ஒரே விவசாயிக்குப் போய்விடும். பத்துப் பேரைத் தேட வேண்டியதில்லை.

அடுத்தது மாடித்தோட்டக்காரர்கள். இவர்களுக்குக் கிலோ வேண்டாம், கால் கிலோ புழுவும் இரண்டு கிலோ பழைய எருவும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தால் போதும். எருவோடு போவதால் முட்டைக்கூடும் போகும், அவர்கள் வீட்டில் நிலைத்து நிற்கும். வண்ண மீன் வளர்ப்பவர்களும் கேட்பார்கள், சென்னை கொளத்தூர்ப் பக்கம் பெரிய மீன் வைத்திருப்பவர்களுக்கு உயிர்த் தீனி எப்போதும் தேவை. ஆனால் ஐசினியா மீனுக்கு உதவாது, அது பயந்தால் வாடையுள்ள மஞ்சள் திரவத்தைக் கசியவிடும், மீன் வாயில் போட்டுத் துப்பிவிடும். யூட்ரிலஸும் பெரியோனிக்ஸும்தான் அங்கே போகும். தூண்டிலுக்கும் யூட்ரிலஸ் நன்றாக இருக்கும்.

நாட்டுக்கோழிக்குப் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போடலாம், ஆனால் தீவனத்துக்கென்று வளர்க்காதீர்கள். காய்ந்த எடையில் பாதிக்கு மேல் புரதம் என்பது உண்மை, உயிரோடு இருக்கிற புழுவில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர் என்பதும் உண்மை. ஒரு கிலோ புழு காய்ந்தால் இருநூறு கிராம். விற்க முடியாமல் மீந்தது, அடிபட்டது, சலிக்கும்போது மாட்டியது, இதெல்லாம் கோழிக்கு.

விலையைப் பொறுத்தவரை இடத்துக்கு இடம் மாறும். பேச்சுக்குப் புழு கிலோ 400, உரம் கிலோ 10 என்று வைப்போம். மாதம் ஐந்து கிலோ புழு என்றால் 2,000 ரூபாய். 600 கிலோ சாணத்தில் இருந்து 200 கிலோ உரம் வந்தால் அதுவும் 2,000 ரூபாய். இரண்டு மாட்டை வைத்துக்கொண்டு இதைவிடப் பெரிதாகச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் சாணம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். உரத்தை உங்கள் முருங்கைக்கோ காய்கறிக்கோ போட்டுக்கொண்டு புழுவை மட்டும் விற்பதுகூட நல்ல ஏற்பாடுதான், நானாக இருந்தால் அதைத்தான் செய்வேன். உரத்தைப் பைபோட்டு, பெயர் அச்சிட்டு விற்க நினைத்தால் 1985ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணை வந்துவிடும். ஈரப்பதம் 15 முதல் 25 சதவீதம், 90 சதவீதம் 4 மில்லிமீட்டர் சல்லடையில் விழ வேண்டும் என்றெல்லாம் அளவு இருக்கிறது, முதலில் வேளாண் அலுவலகத்தில் போய்க் கேட்டுக்கொண்டு இறங்குங்கள்.

எடை விஷயத்தில் ஒரு பழக்கத்தை முதல் நாளே வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தொழிலில் சண்டை வருவதே இங்கேதான். ஒரு கிலோ என்று சொல்லி எருவோடு சேர்த்து நிறுத்துக் கொடுப்பார்கள், வாங்கினவர் வீட்டில் போய் எண்ணினால் இருநூறு புழுகூட இருக்காது. வாங்குபவர் எதிரிலேயே புழுவைத் தனியாக நிறுத்துக் காட்டுங்கள், பிறகு எருவைச் சேருங்கள். ஐசினியா என்றால் கலந்த வயதில் கிலோவுக்கு இரண்டாயிரம் வரை வரும், யூட்ரிலஸ் தடி என்பதால் ஆயிரமோ அதற்குக் குறைவோதான் வரும். எண்ணிக்கை சொல்லி விற்பதாக இருந்தால் எந்தப் புழு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கட்டி அனுப்புவதில் கவனம் வேண்டும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் போடவே கூடாது. துணிப்பை அல்லது சணல் சாக்கு, உள்ளே புழுவின் எடையைப்போல் மூன்று மடங்கு ஈரமான பழைய எருவோ அலசின தென்னை நார்க்கழிவோ, ஒரு பைக்கு இரண்டு கிலோ புழுவுக்கு மேல் வேண்டாம். புழு நெருங்கிக் கிடந்தால் தானாகச் சூடாகும், நடுவில் நாலு செத்து அழுகினால் விடிவதற்குள் மொத்தப் பையும் போய்விடும். பஸ் பார்சல் என்றால் ராத்திரி வண்டியில்தான் ஏற்றுங்கள். பை மேல் வேறு மூட்டை ஏறாமல் இருக்க அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு அதற்குள் வையுங்கள். யூட்ரிலஸ் அலுங்கினால் தாங்காது, அதைத் தூர ஊருக்கு அனுப்புவதைவிட வந்து வாங்கச் சொல்லுங்கள். ஏப்ரல், மே மாதத்தில் அனுப்பவே வேண்டாம். மானிய பெட்கள் என் பக்கத்தில் பெரும்பாலும் நிதியாண்டு முடிகிற சமயத்தில்தான் கைக்கு வருகின்றன, உடனே புழு கேட்பார்கள், நிழல் போட்டு ஈரச்சாக்கு போர்த்தி வைக்க வசதி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, இல்லை என்றால் ஜூன் வரை பொறுக்கச் சொல்லுங்கள். பெட்டின் உள்ளே 35 டிகிரியைத் தாண்டினால் அவர் வாங்கின புழு நிற்காது, பழி உங்கள் பெயருக்கு வரும். உங்கள் பெட்டுக்கும் அதே கவனம்தான், தென்னங்கீற்றுக் கொட்டகை, மேலே நனைத்த சாக்கு, காலையும் மாலையும் தெளிப்பு.

"வயலில் விடப் பத்துக் கிலோ வேண்டும்" என்று ஒருவர் வருவார். கொடுக்காதீர்கள். இந்தப் புழுக்கள் சாணத்திலும் மட்கிலும் மேலாக வாழ்கிறவை, உழுத மண்ணில் மூடாக்கு, அதாவது மண்ணை மூடுகிற இலை தழை, இல்லாமல் விட்டால் தீனி இல்லாமல் போய்விடும். நிலத்துக்கு உள்ளே துளை போட்டு மேலும் கீழும் போகிற வேலையைச் செய்வது லாம்பிட்டோ மௌரிட்டி மாதிரி நம் மண்ணிலேயே இருக்கிற புழு. சென்னையில் டாக்டர் சுல்தான் இஸ்மாயில் பல வருடங்களாக உள்ளூர்ப் புழுக்களை வைத்தே வேலை செய்து காட்டியிருக்கிறார். மூடாக்கு போட்டு, மட்கு போட்டு, களைக்கொல்லியையும் விஷ மருந்தையும் நிறுத்தினால் அவை தாமாக மேலே வரும். வயலுக்கு என்று வருகிறவரிடம் இதைச் சொல்லி, புழுவுக்குப் பதிலாக உரத்தைக் கொடுங்கள். அன்றைக்கு ஒரு வியாபாரம் குறையும்தான், ஆனால் பணத்தை வாங்கிக்கொண்டு சாகப் போகிற புழுவைக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பெட் ஓரத்தில் எறும்பு ஏறாமல் சுற்றித் தண்ணீர் நிற்கிற மாதிரி சின்ன வாய்க்கால் போடுங்கள், பூரான், மூஞ்சூறு, கீரி, கோழி எல்லாவற்றுக்கும் வலை போட்டு மூடுங்கள். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இந்த வாரம் முதல் வேலையாக மூன்று பெட்டிலும் மேல் உரத்தை எடுத்துவிட்டு ஆறிய சாணத்தைப் போடுங்கள், ஓடுவது நின்றுவிடும். அப்புறம் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போய், பெட் வாங்கினவர்களில் புழு தேவைப்படுபவர் யார் என்று உதவி வேளாண் அலுவலரிடம் கேளுங்கள். போகும்போது ஒரு டப்பாவில் எருவோடு கொஞ்சம் புழு எடுத்துக்கொண்டு போய் மேசையில் வையுங்கள். அங்கே வேறு வேலையாக வந்திருக்கிற விவசாயி யாராவது பார்த்துவிட்டு, கிலோ என்ன விலை என்று அவராகவே கேட்பார்.